கானல் சாயும் பக்கம்

முதல் நாள் காலை பனி விலகும்வரை அவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. பத்துப் பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து, எதிரே எதுவுமே இல்லாத வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வெள்ளைக்குள் எங்கோ ஆயிரம் மீட்டர் தள்ளி இரும்புத் தகடுகள் நிற்பதாகப் பயிற்சியாளர் ஷம்ஸா சொன்னார். மற்றவர்கள் அதை நம்பித்தான் ஆக வேண்டும். நாகவள்ளிக்கு அந்த அவசியம் இருக்கவில்லை. தகடுகள் நிற்கும் இடத்தை அளந்து கொடுத்தவளே அவள்தான்.

அமீரகத்தின் வடக்கே, ராஸ் அல் கைமாவின் மலையடிவாரத்தில் சுண்ணாம்புக் கல் வெட்டித் தீர்ந்துபோன குவாரிப் பள்ளம் அது. கல் தீர்ந்ததும் குவாரிக் கம்பெனி அதை ஒரு துப்பாக்கி கிளப்புக்குக் குத்தகைக்கு விட்டது. முந்நூறு, அறுநூறு, ஆயிரம் என்று மீட்டர் கணக்கில் பெக், அதாவது அளவு முளை, அடித்துக் கொடுக்கத் தங்கள் சர்வேயர் நாகவள்ளியை அனுப்பினார்கள். இரண்டு வருடம் கழித்து, பெண்களுக்கென்று முதல்முறையாக நான்கு நாள் நெடுந்தூரத் துப்பாக்கிப் பயிற்சி தொடங்கியபோது, கிளப் மரியாதைக்காகக் கம்பெனிக்கு ஓர் இடம் கொடுத்தது. ஆபீசில் யார் போகிறீர்கள் என்று கேட்டதும் நாகவள்ளி கையைத் தூக்கினாள். எல்லோரும் சிரித்தார்கள். "ருவைஸ்ல இருக்கிற வீட்டுக்காரருக்கு இப்பவே ஒரு தகவல் சொல்லிருங்கப்பா, லீவுல வரும்போது ஹெல்மெட் போட்டுட்டு வரட்டும்" என்றார் செக்ஷன் மேலாளர் செய்கு அலாவுதீன். அவளும் சிரித்தாள். எதற்காகக் கையைத் தூக்கினாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

பனி மெல்லக் கரைந்தது. முதலில் மலையின் விளிம்பு வந்தது, பிறகு அதன்மேல் ஒரு செல்போன் கோபுரம்.

"இரண்டு கைகளையும் நீட்டுங்கள்" என்றார் ஷம்ஸா. அவருடைய ஆங்கிலம் சிக்கனமானது. ஒவ்வொரு சொல்லையும் எண்ணி வைப்பதுபோல் பேசுவார். "விரல்களைச் சேர்த்து, நடுவில் ஒரு சின்ன ஓட்டை விடுங்கள். அதன் வழியாகக் கோபுரத்தைப் பாருங்கள். பார்வையை விடாமல் கைகளை முகத்துக்குக் கொண்டுவாருங்கள்."

ஓட்டை எந்தக் கண்ணுக்கு வந்து சேர்கிறதோ அதுதான் ஆளும் கண். மனிதருக்கு இரண்டு கண் இருந்தாலும் ஒன்று மற்றதை ஆள்கிறது என்பதே பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. நாகவள்ளியின் கைகள் தயங்கித் தயங்கி இடது கண்ணில் வந்து நின்றன.

ஷம்ஸா அவள் முன்னால் வந்தார். "எழுதுவது?"

"வலது கை."

"அப்படியானால் நீ குறுக்கு. நிறையப் பேர் இப்படி இருக்கிறார்கள். இடது தோளில் வைத்துச் சுடப் பழக வேண்டும். பிறந்ததிலிருந்தே இப்படித்தானா?"

"ஆமாம்" என்றாள் நாகவள்ளி.

பிறந்ததிலிருந்து அல்ல, நவம்பரிலிருந்து. ஒரு காலை குளியலறையில் பல் துலக்கும்போது எதிர்ச்சுவர் டைல்களுக்கு நடுவே ஓடும் கோடுகள் வயிறு வைத்ததுபோல் வளைந்திருந்தன. இடது கண்ணால் பார்த்தால் நேராக இருந்தன. வலது கண்ணின் நடுவில் ஈரக் கைவிரல் பட்ட கண்ணாடிபோல் ஒரு சாம்பல் திட்டு. ஒருவர் முகத்தைப் பார்த்தால் முகம் போய்விடும், காதுகள் மட்டும் இருக்கும். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று ஷார்ஜா வரைக்கும் போய்க் காட்டினாள். விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறது என்றார் மலையாளி டாக்டர். மூன்று மாதத்தில் வற்றலாம், வற்றாமலும் போகலாம், மனசை அலட்டிக்கொள்ளக் கூடாது. மூன்று மாதம் ஆகிவிட்டது. அடுத்த மாதம் இருபதாம் தேதி கம்பெனியில் வருடாந்திர மெடிக்கல். சர்வேயருக்குக் கண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

சர்வேயர் வேலை போனால் அவளிடம் என்ன மிஞ்சும் என்று அவள் யோசித்துப் பார்த்ததுண்டு. அருப்புக்கோட்டையில் டிப்ளமோ முடித்த நாளிலிருந்து பதினெட்டு வருடமாக ஒரு கண்ணை மூடி இன்னொரு கண்ணால் உலகத்தைப் பார்த்துத்தான் அவள் சாப்பிட்டிருக்கிறாள். நவம்பரிலிருந்து இடது கண்ணால் ஒப்பேற்றி வருகிறாள்; அதை நம்பலாமா? தவறினால் யாருக்கும் ஒன்றும் ஆகாத இடத்தில், தெரியாதவர்களுக்கு நடுவில், அதைச் சோதித்துப் பார்க்க நான்கு நாள் கிடைத்தது. அதற்காகத்தான் கையைத் தூக்கினாள்.

ஷம்ஸா எல்லோரையும் கூட்டி ஒரே ஒரு விதியை இரண்டுமுறை சொன்னார். "இங்கே சுடு என்று சொல்லும் அதிகாரம் எனக்கு மட்டும்தான். நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் எல்லோருக்கும் உண்டு. டீ கொண்டுவருபவருக்கும் உண்டு. யாராவது சீஸ் ஃபயர் என்று கத்தினால் விரலை எடு, துப்பாக்கியின் போல்ட்டைத் திற, எழுந்து பின்னால் வா. கத்தியவரை யாரும் திட்டக் கூடாது, கேலி பண்ணக் கூடாது. என்ன பார்த்தாய் என்று நான் மட்டும் கேட்பேன். அவ்வளவுதான்."

அன்று ஜோடி பிரித்தார்கள். ஒருத்தி சுட வேண்டும். இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்து தொலைநோக்கியில் காற்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். நாகவள்ளிக்கு வாய்த்தவள் ஹிஃப்ஸா. கீழக்கரைப் பெண், ஷார்ஜாவில் ஒரு பள்ளியில் இயற்பியல் டீச்சர். முப்பது வயதுகூட ஆகவில்லை. வந்த ஐந்தாவது நிமிடமே நாகவள்ளியை "லாத்தா" என்று அக்காவாக்கிக்கொண்டாள்.

"புத்தகத்துல புவியீர்ப்பு புவியீர்ப்புன்னு ஆறு வருசமா சொல்லிக் குடுக்கிறேன் லாத்தா. ஒரு தடவையாவது அது வேலை செய்யிறத கண்ணால பாக்கணும்ல?"

எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள், ஆனால் நான்கு நாளும் ஒரே சொற்களாக இருக்க வேண்டும் என்று ஷம்ஸா சொல்லியிருந்தார். காற்று எந்தப் பக்கமிருந்து, குறியை ஸ்கோப்பில் எத்தனை கோடு தள்ளிப் பிடிப்பது என்று சொன்னதும் சுடுபவள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு பார்ப்பவள் 'விடு' என்பாள். ஹிஃப்ஸா முறை வந்தபோது அவள் வாயில் 'விடு' வரவில்லை.

"விடுங்க லாத்தா."

ஷம்ஸா குனிந்தார். "அவள் சொல்வது சின்னதாக இருக்கிறது. நீ சொல்வது மட்டும் ஏன் நீளம்?"

"அவங்க மூத்தவங்க. மரியாதை" என்றாள் ஹிஃப்ஸா.

"உன் மரியாதைக்கு அரை வினாடி ஆகிறது. அதற்குள் காற்று மாறிவிடும்."

ஹிஃப்ஸா முயன்றாள். இரண்டு தடவை 'விடு' என்றாள். இரண்டு தடவையும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூன்றாவது தடவை மறுபடி 'விடுங்க' வந்துவிட்டது. ஷம்ஸா கையை விரித்துவிட்டு அடுத்த ஜோடிக்குப் போனார்.

இரண்டாம் நாள் வெயில் ஏறிய பிறகுதான் நாகவள்ளிக்கு அந்தப் பள்ளம் வேறு இடமாக மாறியது.

சர்வே வேலையில் கானல் எதிரி. சூரியன் ஏறித் தரை கொதிக்கத் தொடங்கினால் கருவியில் எல்லாம் ஆடும். அதற்கு முன்பே, விடிந்தும் விடியாமலும் அளந்து முடித்துவிட வேண்டும். ஆடும் காற்றுக்குள் பார்ப்பவன் சர்வேயரே இல்லை என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இங்கே ஷம்ஸா அந்த ஆட்டத்தையே பார்க்கச் சொன்னார். தொலைநோக்கியின் கூர்மையைத் தகட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால், தகடு மங்கி, அதற்கு முன்னால் காற்று தெரியும். ஆமாம், காற்று கண்ணுக்குத் தெரியும். மெல்லிய நீரோட்டம்போல் ஓடும். லேசான காற்றென்றால் சாய்ந்து ஓடும். பலத்த காற்றென்றால் தரையோடு படுத்து ஓடும். காற்றே இல்லையென்றால் பால் பொங்குவதுபோல் நேராக மேலே எழும்.

"பொங்கும்போது சுடாதே" என்றார் ஷம்ஸா. "காற்று எந்தப் பக்கம் போவதென்று இன்னும் முடிவு செய்யவில்லை என்று அர்த்தம்."

நாகவள்ளி இடது கண்ணை வைத்துப் பார்த்தாள். பதினெட்டு வருடம் தவிர்த்து வந்த ஒன்றுக்குள் முதல்முறையாக இறங்கினாள். ஓடுவதும் சாய்வதும் தயங்கி நிற்பதுமாக அது இருந்தது. தயங்குவதற்கு முன் அதன் நுனிகள் மட்டும் கொஞ்சம் மடங்கின. எந்தப் பக்கம் மடங்குகிறதோ அந்தப் பக்கம்தான் அடுத்துச் சாயப் போகிறது. யாரும் சொல்லித் தரவில்லை, பார்த்துக்கொண்டே இருந்ததில் தெரிந்தது.

"இடமிருந்து அரை" என்றாள்.

"இடமிருந்து அரை" என்று திருப்பிச் சொன்னாள் ஹிஃப்ஸா, துப்பாக்கியின் பின்னால் படுத்தபடி.

"இரு... விடு."

வெடித்தது. நாகவள்ளிக்குக் கானலின் நடுவே ஒரு சுருக்கம் ஓடுவது தெரிந்தது. துணியை யாரோ அடிப்பக்கமிருந்து விரலால் கீறியதுபோல் உயர்ந்து, வளைந்து, இறங்கியது. தோட்டா போன வழி. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் அவளுக்கு மூச்சுவிடத் தோன்றவில்லை. தகட்டின் வெள்ளைமேல் கறுப்பாக ஒரு பூ பூத்தது. ஓசை அதற்கும் பிறகு, எங்கோ ஒரு கோயிலில் யாரோ தவறுதலாக மணியைத் தொட்டுவிட்டதுபோல் வந்தது.

"பட்டுச்சா?" என்றாள் ஹிஃப்ஸா.

"பட்டுச்சு."

"அல்லாவே, நான் சுட்டத நானே நம்பல."

அன்று பிற்பகல் ஹிஃப்ஸா திடீரென்று "சீஸ் ஃபயர்!" என்று அலறினாள். எல்லோரும் போல்ட்டைத் திறந்து எழுந்து பின்னால் வந்தார்கள். என்ன பார்த்தாய் என்று கேட்டார் ஷம்ஸா. முந்நூறு மீட்டர் தகட்டின் கீழே ஒரு பாலைவன உடும்பு, வாலைத் தூக்கிக்கொண்டு, வெயில் காய்வதா போவதா என்று யோசித்தபடி நின்றது. "நன்றி" என்றார் ஷம்ஸா. அது யோசித்து முடிக்கும்வரை பதினொரு நிமிடம் பத்துப் பெண்களும் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. டீ நேரத்தில் ஹிஃப்ஸாவே சிரித்தபிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள்.

டீ போட்டுத் தந்தவர் சோலையப்பன். திருப்பத்தூர்ப் பக்கம். குவாரியில் டிரில்லிங் ஹெல்ப்பராக இருந்தவர், இப்போது கிளப்பில் தகடுகளைப் பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பிக்கப் வண்டியில் போய்த் தகடுகளுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டு வருவார். சுடும்போது பக்கவாட்டில் மண்மேட்டுக்குப் பின்னால் கான்கிரீட் அறையில் உட்கார்ந்திருப்பார்.

"இருபத்திரண்டு வருசம் கல்லுல ஓட்டை போட்டேன் மேடம். இப்ப நீங்கல்லாம் போடுற ஓட்டைய அடைக்கிறேன். ஆண்டவன் கணக்க நேர் பண்றான்."

"இரும்புல எங்க ஓட்டை விழுது, கறைதான விழுது?"

"ஏதோ ஒண்ணு. சர்வேயர்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?" என்று சிரித்தார். அவருடைய சட்டையும் பேண்ட்டும் ஒரே சாம்பல். தூரத்தில் போனால் பாறையோடு பாறையாகிவிடுவார்.

மூன்றாம் நாள் அவள் இடது தோளில் வைத்துச் சுட்டதில் ஆயிரம் மீட்டரில் பத்துக்கு ஆறு விழுந்தது. ஹிஃப்ஸா அவள் காதுக்குப் பக்கத்தில் துள்ளினாள். நாகவள்ளிக்குத் துள்ளத் தோன்றவில்லை. உடம்பின் இடது பக்கத்தில், இத்தனை வருடம் பூட்டியிருந்த ஒரு வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல் இருந்தது. முடியும். இடது கண்ணால் முடியும். மெடிக்கலில் எழுத்துப் பலகையை எப்படிக் கடப்பது என்றும் ஒரு யோசனை வந்தது. இடது கண்ணால் படிக்கும்போதே மனப்பாடம் செய்துகொண்டு வலது கண்ணுக்கும் அதையே ஒப்பித்துவிடலாம். அந்த யோசனை அவ்வளவு சுலபமாக வந்ததில் அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மத்தியானம் கணவன் சந்தனவேல் ருவைஸிலிருந்து கூப்பிட்டான். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் நேரம். பின்னால் ஒரே இரைச்சல்.

"என்னடி, எத்தன பேரச் சாச்ச?"

"பத்துக்கு ஆறு."

"அடேயப்பா. இனிமே வீட்டுல நான் வாயத் தொறக்க மாட்டேன்பா. சரி, ஒடம்புக்கு ஒண்ணுமில்லல்ல? கொரல் ஒரு மாதிரி இருக்கு."

"தூசி."

சொல்லிவிட்டு போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏன் அவனிடம் சொல்லவில்லை? பயப்படுவான் என்பதற்காக மட்டும் அல்ல. கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவளுடைய காய்ச்சலும் சம்பளமும் கனவும்கூட அவனுக்குத் தெரிந்தவை. இந்தத் திட்டு ஒன்றுதான் அவளுடையது மட்டுமாக இருந்தது. கம்பெனி பஸ்ஸில் வரும்போது சிலசமயம் இடது கண்ணை மூடிக்கொள்வாள். விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாக இடுப்பை வளைத்து அவளுக்கு வழிவிடும். எதிரே வரும் லாரிகள் நடுவில் கரைந்து ஓரத்தில் மீண்டும் உருவெடுக்கும். யாருக்கும் தெரியாத ஓர் ஊருக்கு அவள் மட்டும் போய்வருவதுபோல் இருக்கும். அந்த ஊரை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை என்பதும் உண்மைதான்.

ஆனால் அந்த ஊரில் ஒரு பெக் இருந்தது. இருபத்து மூன்றாம் நம்பர். டிசம்பரில், கம்பெனி இப்போது கல் வெட்டும் குவாரியில், பழக்கத்தில் வலது கண்ணைக் கருவியில் வைத்துவிட்டாள். வெடி வைக்கும்போது ஆட்கள் தாண்டக் கூடாத எல்லைக்கோட்டின் பெக் அது. மறுநாள் சந்தேகம் வந்து தனியாகப் போய் இடது கண்ணால் அளந்தபோது ஒரு முழத்துக்குமேல் உள்ளே தள்ளியிருந்தது. யாருக்கும் தெரியாமல் பிடுங்கி, சரியான இடத்தில் அடித்துவிட்டு வந்தாள். ஒரு முழத்தில் ஒருவர் உயிர் போகாது. ஏறக்குறைய நிச்சயமாகப் போகாது. அன்றிலிருந்து இந்த 'ஏறக்குறைய' அவளோடு கூடவே வந்துகொண்டிருந்தது.

நான்காம் நாள் தேர்வு. தேறினால் சான்றிதழ் உண்டு. மேஜை விரிப்பும் கேடயங்களும்கூட வந்திருந்தன. கடைசிச் சுற்றை விளக்கும்போது ஷம்ஸா முதல்முறையாகச் சிரித்தார்.

"அறுநூறு மீட்டர். ஐந்து தோட்டா உங்களுக்குப் பழகிய தோளில். பிறகு துப்பாக்கியை மாற்றி, ஐந்து தோட்டா மற்றத் தோளில், மற்றக் கண்ணில். இரண்டு நிமிடம். நாகவள்ளி, உனக்கு இது சுலபம். உன் கை ஏற்கெனவே வலதுதானே."

ஹிஃப்ஸா கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். நாகவள்ளி துப்பாக்கியின் பின்னால் படுத்தாள். தரை இதமாக இருந்தது. மேலே பெயர் தெரியாத பறவை ஒன்று அசையாமல் மிதந்தது.

இடது தோளில் ஐந்தும் விழுந்தன. ஒவ்வொரு மணியோசையும் வந்து சேர்ந்தது. அவள் துப்பாக்கியை வலது தோளுக்கு மாற்றினாள். உடம்பு உடனே ஒத்துக்கொண்டது. எத்தனையோ வருடப் பழக்கம். வலது கண்ணை ஸ்கோப்பில் வைத்தாள்.

உள்ளே மத்தியானக் கானல் ஓடிக்கொண்டிருந்தது. குறுக்குக் கோடுகள் நடுவில் நீரில் விட்ட குச்சிகள்போல் ஒடிந்து வளைந்தன. தகடு இல்லை. தகடு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பலாக ஏதோ நின்றது. அவள் கண்ணை அசைத்தாள். அது குனிந்தது. மறுபடி அசைத்தாள். நிமிர்ந்தது. கையில் பிரஷோடு தகட்டின் ஓரத்தைப் பார்க்கும் ஆள்போல.

"இடமிருந்து கால்" என்றாள் ஹிஃப்ஸா.

"இடமிருந்து கால்" என்று நாகவள்ளியின் வாய் திருப்பிச் சொன்னது.

"விடுங்க லாத்தா."

ஹிஃப்ஸா நல்ல கண்ணால் பார்க்கிறாள். அங்கே ஆளிருந்தால் சொல்லியிருப்பாள். ஷம்ஸா பின்னால் நிற்கிறார். சோலையப்பன் அறைக்குள் இருக்கிறார் என்று ரேடியோவில் கேட்டுவிட்டுத்தான் சுற்று தொடங்கியது. அது அவளுடைய திட்டுதான். மூன்று மாதமாகக் கூடவே வாழ்வது அவளுக்குத் தெரியாதா? தகட்டின் விளிம்பு சாம்பலுக்கு வெளியே கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. அதை வைத்து நடுவைக் குத்துமதிப்பாகப் பிடித்து விரலை அழுத்தினால் போதும். ஐந்தில் ஒன்று விழுந்தாலும் தேறிவிடலாம். ஏறக்குறைய நிச்சயம், அங்கே யாருமில்லை.

ஏறக்குறைய.

கானல் பொங்கியது. நேராக மேலே எழுந்து, எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது. சாம்பல் உருவம் அதற்குள் நிமிர்ந்து அவளையே பார்ப்பதுபோல் இருந்தது.

"லாத்தா? நேரம் போகுது. விடுங்க."

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் நாகவள்ளி. அது தன்னுடைய குரல்தானா என்று தெரியவில்லை. பிறகு எல்லோருக்கும் புரிய வேண்டிய சொல்லும் வந்தது. "சீஸ் ஃபயர்! சீஸ் ஃபயர்!"

போல்ட்டுகள் திறக்கும் ஓசை வரிசையாகக் கேட்டது. எல்லோரும் எழுந்து பின்னால் போனார்கள். ஷம்ஸா தொலைநோக்கியில் நீண்ட நேரம் பார்த்தார். தகடு, மண், கல். ரேடியோவை எடுத்தார். சோலையப்பனின் குரல் கரகரத்தது. "உள்ளதான் இருக்கேன் மேடம். டீ குடிச்சிட்டிருக்கேன். மாஃபி பிராப்ளம், ஒரு பிரச்சினையும் இல்ல."

ஷம்ஸா ரேடியோவை வைத்தார். திட்டவில்லை. அவர் முகத்தில் எந்த அவசரமும் இல்லை.

"என்ன பார்த்தாய்?"

கல்மேல் நிழல், பிளாஸ்டிக் பை, பறவை. பதில்கள் தயாராகவே இருந்தன. எதைச் சொன்னாலும் நன்றி என்று சொல்லிவிட்டுச் சுற்றைத் திரும்பத் தொடங்கியிருப்பார். நாகவள்ளி அவரை நேராகப் பார்த்தாள்.

"ஒரு ஆளைப் பார்த்தேன்" என்றாள். "அங்கே யாரும் இல்லை. என் வலது கண்ணில் நடுப்பார்வை கிடையாது. மூன்று மாதமாக. பிறந்ததிலிருந்து என்று உங்களிடம் சொன்னது பொய்."

ஷம்ஸா கேட்டுக்கொண்டார். குனிந்து துப்பாக்கியின் அறை காலியாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். பிறகு அதை எடுத்து ரேக்கில் வைத்தார்.

"நிறுத்தியதற்கு நன்றி" என்றார். "இன்று நீ சுட முடியாது. காற்றுப் பார்க்கவும் முடியாது. டாக்டரின் கடிதம் இல்லாமல் வரிசைக்கு வர முடியாது."

"இடது கண் நன்றாக இருக்கிறது. நீங்களே பார்த்தீர்கள்."

"பார்த்தேன். இந்த வரிசையில் காற்றைப் படிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான்." அவர் ரேக்கிலிருந்து கையை எடுத்தார். "ஆனால் எனக்குத் தெரிந்தது போதாது. எழுத்தில் வேண்டும்."

நாகவள்ளி வரிசைக்குப் பின்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹிஃப்ஸா ஓடிவந்து பக்கத்தில் குந்தினாள்.

"ஏன் லாத்தா எங்கிட்டகூடச் சொல்லல? நாலு நாளா ஒங்க காதுக்குள்ளயே ஒக்காந்திருக்கேன்."

"யாருகிட்டயும் சொல்லல."

"அவங்ககிட்ட மட்டும் சொல்லிட்டீங்க. எங்கிட்ட சொல்லியிருந்தா எதாச்சும் சொல்லிச் சமாளிச்சிருக்கலாம்ல?"

"அதுக்குத்தான் சொல்லல."

ஹிஃப்ஸா அவளைப் பார்த்தாள். கோபிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். பிறகு தன் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போனாள். ஷம்ஸாவே அவளுக்குக் காற்றுப் பார்த்தார்.

சுற்றுக்கு இடையில் பிக்கப் வந்து நின்றது. சோலையப்பன் இறங்கி நேராக அவளிடம் வந்தார்.

"நான்தான் நிக்கிறேன்னு நிறுத்தினீங்களாமே மேடம்?"

"ஆமா. ஒங்க உருவம் மாதிரி தெரிஞ்சுச்சு."

"சுட்டிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. நான் இல்லியே அங்க." சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஆனா நீங்க கத்தின கத்துல டீ மேல ஊத்திக்கிட்டேன். பேண்ட்டப் பாருங்க. அதுக்கு யாரு பதில் சொல்றது?"

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் பார்க்காததுபோல் பெயின்ட் டப்பாவை எடுக்கப் போனார்.

அவள் போனை எடுத்தாள். செய்கு அலாவுதீன் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"என்னம்மா, கோல்டு மெடலா?"

"சார், என் வலது கண்ணு போச்சு. நவம்பர்லேருந்து. ஒங்ககிட்ட மறைச்சிட்டேன். டிசம்பர்ல எல்லைக்கோட்டுல ஒரு பெக் தப்பா அடிச்சேன். மறுநாள் மாத்திட்டேன். ஆனா அது ஒண்ணுதானான்னு எனக்கு நிச்சயமாத் தெரியாது."

அந்தப் பக்கம் ஆபீஸ் பிரின்டர் ஓடுவது கேட்டது.

"எந்த பெக்?"

"இருபத்தி மூணு."

"அந்த லைன்ல மொத்தம் எத்தன?"

"நாப்பத்தி ஒண்ணு."

பேனாவால் எழுதும் ஓசை. "நாளைக்கு வெடி இருக்கு. தள்ளி வைக்கச் சொல்றேன். நீங்க காலையில வாங்க. கருவியத் தொட வேணாம். வந்து எங்கெங்க அடிச்சீங்கன்னு காட்டுங்க. நாப்பத்தி ஒண்ணையும் நானே அளக்கிறேன்."

"அப்புறம் சார்?"

"அப்புறம் என்னன்னு எனக்கே தெரியாதும்மா. மேல எழுதித்தான் ஆகணும். எழுதுவேன்." பிறகு வேறு குரலில் கேட்டார். "வலிக்குதா?"

"இல்ல சார். வலியே இல்ல."

"சரி. அஞ்சரைக்கு வண்டி அனுப்புறேன்."

போன் கையில் சூடாக இருந்தது. வரிசையில் அடுத்த சுற்று தொடங்கியிருந்தது. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்த்தாள். பள்ளம் முழுவதும் ஒளி அசைந்தது. தகடுகள் தரையைவிட்டுக் கொஞ்சம் மேலே, எதையும் தொடாமல் நின்றன. அதில் எது கானல், எது தன் கண் என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை. ருவைஸ் நம்பரை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. ஷட்டவுன் நேரம், எடுக்க மாட்டான் என்று நினைக்கும்போதே இரைச்சல் காதில் விழுந்தது.

"என்னடி, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

"எனக்கு முடிஞ்சிருச்சு. சத்தமில்லாத எடமாப் பாத்துப் போங்க. ஒரு விசயம் சொல்லணும்."

"என்ன விசயம்?"

"போங்க மொதல்ல. நான் இருக்கேன்."

அவன் நடப்பது கேட்டது. இரும்புப் படிகள், ஒரு கதவு, பிறகு இன்னொரு கதவு. ஒவ்வொரு கதவுக்கும் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. அவள் காத்திருந்தாள்.